சீரியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அருமண் தனிமங்கள் (rare earths எனப்படும், ஒன்றுபோல் நடக்கும் உலோகக் குடும்பம்) என்று பேச்செடுத்தாலே நியோடிமியம் காந்தம், மின்சாரக் கார், சீனா என்று போய்விடும். ஆனால் அந்தக் குடும்பத்தில் பூமியில் மிக அதிகமாக இருப்பது சீரியம்தான். விலையும் குறைவு, அதனாலேயே செய்திகளில் அதன் பெயர் வருவதில்லை. செல்பேசித் திரையின் வழவழப்பு, வீட்டில் எரியும் வெள்ளை எல்.இ.டி. பல்பு, வாசலில் நிற்கும் பெட்ரோல் வண்டியின் புகைக்குழாய் என்று எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் கீழே.

சீரியம் எப்படிப்பட்ட உலோகம்?

அணு எண் 58. வெட்டிய உடனே வெள்ளி நிறத்தில் மின்னும், காற்றுப் பட்டதும் மங்கத் தொடங்கும். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு உள்ளே இருக்கும் உலோகத்தை மூடிக் காக்கும். சீரியத்தின் ஆக்சைடுக்கு அந்தக் குணம் கிடையாது. அது பொரிந்து உதிர்ந்து அடுத்த அடுக்கைக் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கும். அப்படியே விட்டால் கட்டி முழுவதும் பொடியாகிவிடும். அதனால்தான் எண்ணெயில் மூழ்கவைத்தோ ஆர்கான் வாயு நிரப்பிய குப்பியிலோ வைக்கிறார்கள்.

அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 6.8 கிராம், அதாவது இரும்பைவிடக் கொஞ்சம் குறைவு. சுமார் 800 டிகிரி செல்சியஸில் உருகும், ஆனால் கொதிக்க 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும். மென்மையான உலோகம். தூய சீரியத்தைக் கத்தியால் சுரண்டினாலே தீப்பொறி பறக்கலாம்.

அருமண் என்கிறார்களே, அவ்வளவு அரிதா?

இல்லை. பூமியின் மேலோட்டில் 10 லட்சம் பங்குக்குச் சுமார் 60 பங்கு சீரியம் இருக்கிறது. கிட்டத்தட்டச் செம்பின் அளவு, ஈயத்தைவிடப் பல மடங்கு அதிகம். சிக்கல் எங்கே என்றால், செம்பு ஓரிடத்தில் திரண்டு தாதுவாகக் கிடைக்கும், அருமண்கள் பரவலாகச் சிதறிக் கிடக்கும். திரண்டிருக்கும் இடங்களிலும் பதினைந்து பதினாறு தனிமங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுதான் வரும். பிரித்தெடுப்பதுதான் செலவு.

யார் கண்டுபிடித்தது?

1803-இல் சுவீடனில் பெர்சீலியஸ், ஹிசிங்கர் என்ற இருவரும், தனியாக பெர்லினில் கிளாப்ரோத்தும். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1801 ஜனவரி 1 அன்று வானில் கண்டறியப்பட்ட சீரிஸ் என்ற சிறுகோளின் பெயரை வைத்தார்கள். அவர்கள் கையில் இருந்தது ஆக்சைடுதான். ஓரளவு சுத்தமான உலோகம் 1875-இல் மின்னாற்பகுப்பு வழியாகத்தான் கிடைத்தது.

மற்ற அருமண்களிடம் இல்லாத எது சீரியத்திடம் இருக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

அருமண் தனிமங்கள் எல்லாமே பொதுவாக மூன்று எலக்ட்ரான்களை இழந்து +3 நிலையில் நிற்கும். வேதிக் குணத்தில் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துப் பார்ப்பதே கடினம். சீரியம் அந்த மூன்றை இழந்த பிறகு அதன் 4எஃப் கூட்டில், அதாவது அணுவின் உள்ளடுக்கு ஒன்றில், ஓர் ஒற்றை எலக்ட்ரான் மிச்சம் இருக்கும். அதையும் கொடுத்துவிட்டு +4 ஆக நிற்க அதனால் முடியும், திரும்ப வாங்கிக்கொண்டு +3 ஆகவும் முடியும். தண்ணீரில் கரைந்த நிலையில் இப்படி +4 ஆக நிலைத்து நிற்கும் அருமண் இது ஒன்றுதான்.

கண்ணாலேயே பார்க்கலாம். +4 சீரியக் கரைசல் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும், +3 நிறமற்றது. 1951-இல் பெலவுசோவ் என்ற சோவியத் வேதியியலாளர் சிட்ரிக் அமிலம், பொட்டாசியம் புரோமேட், அமிலத்தில் கரைத்த சீரியம் உப்பு மூன்றையும் ஒரு குடுவையில் கலந்தார். கரைசல் மஞ்சளானது, நிறமிழந்தது, மறுபடி மஞ்சளானது, மறுபடி நிறமிழந்தது. வெளியிலிருந்து யாரும் எதுவும் சேர்க்காமலே இது தொடர்ந்தது. வேதிவினை ஒரு திசையில் போய் நின்றுவிடும், ஊசலாடாது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. ஆய்விதழ்கள் அவருடைய கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 1960-களில் ஜபோட்டின்ஸ்கி அதை எடுத்து ஆராய்ந்த பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது. இன்று கல்லூரி ஆய்வகங்களில் இருவர் பெயராலும் செய்து காட்டப்படும் வினை அது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. அறை வெப்பநிலையில் சீரியத்தைச் சுமார் 8,000 வளிமண்டல அழுத்தத்தில் நசுக்கினால், படிக அமைப்பு மாறாமலே அதன் கன அளவு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சட்டென்று குறைந்துவிடும். அதற்கும் காரணம் இதே 4எஃப் எலக்ட்ரான்தான் என்பதில் இயற்பியலாளர்களுக்குள் சண்டையில்லை. எப்படி என்பதில்தான் பல பத்தாண்டுகளாகச் சண்டை.

சிகரெட் லைட்டரில் இருக்கும் கல் சீரியமா?

பாதி சீரியம். கடையில் லைட்டர் கல் என்று கேட்டால் தரும் அந்தக் குட்டி உருளை உண்மையில் உலோகம். சீரியம், லாந்தனம், கொஞ்சம் மற்ற அருமண்கள், கெட்டித்தன்மைக்கு இரும்பு, மெக்னீசியம் சேர்ந்த கலவை. பெரோசீரியம் என்று பெயர். பழைய சிக்கிமுக்கியில் கெட்டியான கல் எஃகைச் சுரண்டும், பறப்பது எஃகுத் துகள். லைட்டரில் தலைகீழ். சொரசொரப்பான எஃகுச் சக்கரம் இந்த மென்மையான ‘கல்’லைச் சுரண்டுகிறது. சுரண்டிய துகள் காற்றில் உடனே தீப்பற்றி, சுமார் 3,000 டிகிரி வரை சூடேறும். அதனால்தான் காலப்போக்கில் தேய்வது கல், சக்கரம் அல்ல. மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் தீக்குச்சிக் கம்பியும் இதே பொருள்தான். நனைந்தாலும் துடைத்துவிட்டுச் சுரண்டினால் பொறி வரும்.

கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரிலும் அதுதானே?

இல்லை. ‘டக்’ என்று சத்தம் கேட்கும் சமையலறை லைட்டரில் இருப்பது அழுத்தினால் மின்சாரம் தரும் பீசோ படிகம். அந்த நீலப் பொறி மின்பொறி. சீரியத்தின் பொறி ஆரஞ்சாக, சிதறித் தெறிக்கும்.

பெட்ரோமாக்ஸ் மேண்டிலுக்கும் சீரியத்துக்கும் என்ன உறவு?

நெருங்கிய உறவு, அதில் குமரி மாவட்டத்துக்கும் பங்கு உண்டு.

ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1885-இல் எரிவாயு விளக்கின் சுடரில் ஒளிரும் வலையை, அதாவது மேண்டிலை, செய்யத் தொடங்கினார். முதலில் செய்தவை பச்சையடித்த மங்கல் ஒளி தந்தன, தொட்டால் உடைந்தன, வியாபாரம் படுத்தது. 1891-இல் சரியான கலவை அகப்பட்டது: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. பருத்தி வலையை இந்த உப்புகளில் நனைத்து எரித்தால் நூல் சாம்பலாகி, ஆக்சைடு வலை மட்டும் நிற்கும். தோரியம் சூட்டைத் தாங்கும், ஆனால் ஒளி போதாது. அந்த ஒரு பங்கு சீரியம்தான் வெள்ளை வெளிச்சத்தைத் தருகிறது. அளவைக் கூட்டினால் வெளிச்சம் கூடும் என்று நினைக்க வேண்டாம், குறைந்துவிடும்.

உலகம் முழுவதும் மேண்டில் வேண்டியிருந்தது, தோரியத்துக்காக, அதுவும் அருமண்களும் சேர்ந்த தாதுவான மோனசைட் மணல் வேண்டியிருந்தது. முதலில் பிரேசிலிலிருந்து வந்தது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டதாகச் சொல்வார்கள். தேடி வந்தவர் முதலில் ஆலை போட்ட இடம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அதற்கு முன்பே நடந்தது. மோனசைட்டில் தோரியம் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மேண்டிலுக்குத் தோரியத்தை எடுத்த பிறகு ஆலையில் மலை மலையாகச் சீரியக் கழிவு குவிந்தது. அதை என்ன செய்வது என்று யோசித்துத்தான் 1903-இல் அதே வெல்ஸ்பாக் பெரோசீரியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஆக, லைட்டர் கல் பிறந்தது மேண்டில் ஆலையின் குப்பையில். கேட்காமல் வந்து குவிவதும், பிறகு அதற்கொரு வேலை தேடுவதும் சீரியத்தின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும்.

கன்னியாகுமரிக் கடற்கரையின் கருப்பு மணல்தான் மோனசைட்டா?

கருப்பாகத் தெரிவது இல்மனைட், டைட்டானியத் தாது. சிவப்பு கார்னெட். மோனசைட் தேன் மஞ்சள் நிறத்தில், அவற்றோடு சிறு பங்காகக் கலந்திருக்கும். அதில் அருமண்கள் பாதிக்கு மேல், அந்த அருமண்களிலும் கிட்டத்தட்டப் பாதி சீரியம்.

தோரியம் இருப்பதால் மோனசைட் அணுசக்திச் சட்டத்துக்குள் வருகிறது. எடுப்பதும் பதப்படுத்துவதும் இந்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்தின் வேலை. 1950-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவரா, ஒடிசாவின் சத்ரபூர் ஆகிய இடங்களில் மணலைப் பிரிக்கிறது. ஆலுவாவில் அருமண் ஆலை 1952-இல் வந்தது. இலங்கையில் புல்மோட்டைக் கடற்கரை மணலிலும் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கானோடு கொஞ்சம் மோனசைட் உண்டு. உலக அளவில் பெரிய சுரங்கம் சீனாவின் உள் மங்கோலியாவில் இருக்கும் பயான் ஓபோ. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ்.

மணலிலிருந்து சீரியத்தை எப்படிப் பிரிக்கிறார்கள்?

மோனசைட்டை நன்றாக அரைத்து, கொதிக்கும் அடர் காஸ்டிக் சோடாவில் வேகவைப்பார்கள். பாஸ்பேட் கரைந்து போய்விடும், தோரியமும் அருமண்களும் ஹைட்ராக்சைடாகத் தங்கும். தோரியத்தைப் பிரித்தபின் எஞ்சும் அருமண் கலவையில் சீரியத்தை மட்டும் ஆக்சிஜனேற்றம் செய்து +4 ஆக்குவார்கள். மற்றவை +3-லேயே இருக்கும். +4 சீரியம் லேசான அமிலத்திலேயே வீழ்படிவாகி இறங்கிவிடும், மற்றவை கரைசலில் தங்கும். நியோடிமியத்தையும் பிரசியோடிமியத்தையும் பிரிக்க எத்தனையோ தொட்டிகள் வரிசையாகத் தேவை. சீரியம் இந்த ஒரு குணத்தால் சுலபமாகத் தனியே வந்துவிடுகிறது.

கார் சைலன்சரில் சீரியம் என்ன செய்கிறது?

பெட்ரோல் வண்டியின் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒரே நேரத்தில் எதிரெதிரான இரண்டு வேலை பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கும் எரியாத பெட்ரோல் ஆவிக்கும் ஆக்சிஜனைக் கொடுக்க வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடுகளிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். இரண்டும் நடக்க, புகையில் ஆக்சிஜன் சரியான அளவில் இருக்க வேண்டும். ஆனால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று என்று அது நொடிக்கு நொடி மாறும்.

இங்கேதான் சீரியம் ஆக்சைடு. புகையில் ஆக்சிஜன் மிஞ்சும்போது +4 ஆகி அதைத் தன் படிகத்துக்குள் வாங்கி வைக்கும், குறையும்போது +3 ஆகித் திருப்பிக் கொடுக்கும். விளைச்சலில் குதிரில் கொட்டி, தட்டுப்பாட்டில் எடுத்துச் சாப்பிடும் கணக்கு. கூடவே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் துகள்கள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி வீணாகாமல் பிடித்து வைப்பதும் அதன் வேலை. வெறும் சீரியம் ஆக்சைடு தொடர்ந்த சூட்டில் சோர்ந்துவிடும் என்பதால் சிர்க்கோனியம் சேர்ப்பார்கள். கன்வெர்ட்டர் திருடுபவன் தேடுவது பிளாட்டின வகை உலோகங்களை. சீரியத்தை யாரும் திருடுவதில்லை.

இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது, ஈயமில்லா பெட்ரோலும் அதோடுதான் வந்தது. ஈயம் பட்டால் கன்வெர்ட்டர் செத்துப்போகும். டீசலிலும் ஒரு வழி கண்டார்கள். 2000-இல் பெஜோ நிறுவனம் எரிபொருளில் சொட்டுச் சொட்டாகச் சீரியம் கலந்து, வடிகட்டியில் சேரும் கரி குறைந்த சூட்டிலேயே எரியும்படி செய்தது.

சீரியம் ஆக்சைடு தேய்த்தால் கார் கண்ணாடியின் கீறல் போகுமா?

சின்னக் கீறல் போகும். விரலை வைத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் விட்டுவிடுங்கள், அது பாலிஷுக்கு அடங்காது. வைப்பர் போட்ட மெல்லிய கோடு, மங்கல், உப்புத் தண்ணீர்க் கறை என்றால் முயற்சி செய்யலாம். பொடியைத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து, ஃபெல்ட் பேடில் தொட்டு, குறைந்த வேகத்தில் தேய்க்க வேண்டும். காயவிடவே கூடாது. ஓரிடத்திலேயே அழுத்தினால் சூடேறிக் கண்ணாடி விரிசல் விடும். இன்னொன்று, ஓட்டுநர் பார்க்கும் இடத்தில் ஆழமாகத் தேய்த்தால் அங்கே கண்ணாடி குழிந்து, எதிரே வரும் வண்டி வளைந்து தெரியும். அந்த இடத்துக்கு ஆசைப்பட வேண்டாம். பிளாஸ்டிக் ஹெட்லைட்டுக்கு இது உதவாது.

ஏன் கண்ணாடிக்கு மட்டும் என்றால், சீரியம் ஆக்சைடு கண்ணாடியை வெறுமனே சுரண்டுவதில்லை. அதன் கடினம் ஏறக்குறைய கண்ணாடியின் கடினம்தான். நீரின் முன்னிலையில் கண்ணாடியின் சிலிக்காவோடு அது வேதிப் பிணைப்பு போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டு போகிறது. அதனால் புதுக் கோடு விழாமல் வழவழப்பு வரும். முன்பு இந்த வேலைக்கு இரும்பின் செந்தூள்தான். சீரியம் வந்ததும் அதன் வேகத்துக்கு முன் செந்தூள் நிற்கவில்லை. மூக்குக்கண்ணாடி, கேமரா லென்ஸ், செல்பேசித் திரை, சிலிக்கான் சில்லுகளின் இடைநிலைப் படலம் எல்லாம் இப்படித்தான் மெருகேறுகின்றன. தொலைநோக்கிக் கண்ணாடியைக் கையால் தேய்த்துச் செய்பவர்களும் கடைசிக் கட்டத்தில் இதைத்தான் எடுக்கிறார்கள். பொடி இளம் பழுப்பாக இருந்தால் கலப்படம் என்று பயப்பட வேண்டாம், கூடவே இருக்கும் பிரசியோடிமியத்தின் நிறம் அது.

எல்.இ.டி. பல்பில் எங்கே வருகிறது?

வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அதன் மேல் மஞ்சளாகத் தெரியும் பூச்சைப் பார்த்திருப்பீர்கள். இட்ரியம் அலுமினியம் ஆக்சைடு படிகத்தில் மிகக் கொஞ்சம் சீரியம் கலந்த பொடி அது. நீல ஒளி பட்டதும் +3 சீரியத்தின் அந்த ஒற்றை எலக்ட்ரான் மேலே தாவி, கீழே இறங்கும்போது மஞ்சள் ஒளி விடும். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் கண்ணுக்கு வெள்ளை. இங்கே சீரியம் +4 ஆகிவிடக் கூடாது. எலக்ட்ரான் போய்விட்டால் ஒளியும் போயிற்று.

டிக் வெல்டிங்கில் சீரியம் ராடு வாங்கலாமா?

தாராளமாக. டிக் (TIG) வெல்டிங்கில் ராடு என்பது ஆர்க் கிளம்பும் டங்ஸ்டன் கம்பி. சிவப்பு முனை ராடில் 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு இருக்கும், அது கதிரியக்கப் பொருள். முனையைச் சாணை பிடிக்கும்போது பறக்கும் தூசியைச் சுவாசிப்பதுதான் பயம். சாம்பல் முனை ராடில் 2 சதவீதம் சீரியம் ஆக்சைடு, கதிரியக்கம் இல்லை. குறைந்த ஆம்பியரிலேயே சட்டென்று ஆர்க் பிடிக்கும், அதனால் மெல்லிய தகடு, குழாய் வேலைக்கு நல்லது. அதிக ஆம்பியரில் நீண்ட நேரம் ஓட்டுவதென்றால் லாந்தனம் ராடு இன்னும் நன்றாகத் தாங்கும்.

வேறு எங்கெல்லாம் இருக்கிறது?

வார்ப்பு இரும்பில் கந்தகத்தைக் கட்டிப்போட, தானே சுத்தமாகும் அவனின் உள்பூச்சில், கதிர்வீச்சு பட்டும் பழுப்பாகாத கண்ணாடியில். செயற்கைக்கோளின் சூரியத் தகடுகளை மூடும் கண்ணாடியில் அதனால்தான் சீரியம். கல்லூரி ஆய்வகத்தில் இரும்பின் அளவை அறியச் சீரிக் உப்பு, அதாவது +4 சீரியத்தின் உப்பு. ஒரு காலத்தில் தியேட்டர் புரொஜெக்டர்களில் எரிந்த கார்பன் குச்சியின் நடுவிலும் வெளிச்சம் வெள்ளையாக இருக்க அருமண் உப்புகளை வைத்திருந்தார்கள்.

சீரியம் விஷமா? கதிரியக்கம் உண்டா?

இயற்கைச் சீரியத்துக்குக் கதிரியக்கம் இல்லை. அணு உலையில் உண்டாகும் சீரியம்-144 வேறு, அதன் அரை ஆயுள் 285 நாள். மோனசைட் மணலின் கதிரியக்கம் தோரியத்தால் வருவது. பழைய மேண்டிலும் அதே கதை, இப்போது பல நிறுவனங்கள் இட்ரியத்துக்கு மாறிவிட்டன.

விஷம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் குளோரோபார்ம் புகழ் சிம்சன் கர்ப்பிணிகளின் வாந்திக்குச் சீரியம் ஆக்சலேட் கொடுத்தார், அது பல பத்தாண்டுகள் மருந்துக் கடையில் இருந்தது. தீப்புண்ணுக்குச் சீரியம் நைட்ரேட் கலந்த களிம்பு இன்றும் சில நாடுகளில் உண்டு. ஆனால் தூசியைப் பல ஆண்டுகள் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறும். கார்பன் ஆர்க் விளக்கருகே வேலை செய்தவர்களிடம் அது பதிவாகியிருக்கிறது. பாலிஷ் போடும்போது ஈரமாகவே வைத்திருங்கள், முகக்கவசம் போடுங்கள். கேரளத்தில் ஒரு காலத்தில் அதிகம் காணப்பட்ட எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்ற இதய நோய்க்கு, மெக்னீசியக் குறைவோடு மண்ணின் சீரியமும் காரணமாக இருக்கலாம் என்று திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். அது முடிவாக நிறுவப்படவில்லை.

உயிர்களுக்குச் சீரியத்தால் பயனே இல்லை என்றும் நினைத்திருந்தோம். 2014-இல் இத்தாலியின் எரிமலைச் சேற்றில் வாழும் ஒரு பாக்டீரியா சீரியம் போன்ற அருமண் இல்லாமல் வளராது என்று தெரியவந்தது.

அருமண் விலை ஏறுகிறதே, சீரியமும் ஏறுமா?

சாதாரணக் காலத்தில் சீரியம் ஆக்சைடு கிலோ ஒன்றிரண்டு டாலர்தான். காந்தத்துக்கு நியோடிமியம் வேண்டும் என்று தோண்டும்போது அதைப்போலப் பல மடங்கு சீரியம் கூடவே வருகிறது. மவுண்டன் பாஸ் தாதுவின் அருமண்களில் ஏறக்குறையப் பாதி சீரியம், நியோடிமியம் எட்டில் ஒரு பங்கு. காந்தத் தேவை கூடக் கூடச் சீரியம் தேங்கும். 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்ட 7 அருமண்களில் இது இல்லை.

ஒருமுறை ஏறியதும் உண்டு. 2010-இல் சீனா அருமண் ஏற்றுமதி அளவைச் சுமார் 40 சதவீதம் வெட்டியது. அடுத்த ஆண்டே சீரியம் ஆக்சைடு கிலோ 100 டாலரைத் தாண்டியது. கண்ணாடி ஆலைகள் சிக்கனம் பிடித்தன, கழிவுக் கரைசலை மறுசுழற்சி செய்யப் பழகின. விலை விழுந்தது, பழகிய சிக்கனம் மட்டும் தங்கிவிட்டது.

தேங்கும் சீரியத்துக்கு இப்போது அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் கண்டிருக்கும் வேலை, அலுமினியத்தோடு கலப்பது. சூட்டில் வலு குறையாத வார்ப்புக் கலவை கிடைக்கிறது, வார்த்தபின் உலையில் வைத்துப் பதப்படுத்தும் செலவும் மிச்சம். வெல்ஸ்பாக் செய்ததும் இதைத்தான்.

சீரியம் உலோகம் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

ஆக்சைடு பொடி இணையத்தில் பாக்கெட்டில் கிடைக்கும், ஆபத்தில்லை. உலோகமே வேண்டும் என்றால் பொறிக் கம்பி வாங்குங்கள், பாதி சீரியம் அதில் இருக்கிறது. தூய துண்டு வாங்கினால் எண்ணெயிலிருந்து எடுக்காதீர்கள், அரம் போடாதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. சூடான சீரியம் தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும், அது இன்னும் மோசம். காய்ந்த மணலைக் கொட்டி மூடுங்கள்.